எங்கே போகிறீர்கள் என்று கேட்கும் ஊர்

என் கணவர் பிஜித் தீவிலிருந்து எழுதிய கடிதங்களில் அன்பு என்ற சொல் தொடக்கத்தில் ஒருதரம் வரும், முடிவில் ஒருதரம் வரும். நடுவில் முழுக்கச் சட்டதிட்டங்கள். தலையில் எதையும் போட்டுக்கொண்டு ஊருக்குள் நுழையக் கூடாது. பையைத் தோளில் தொங்கவிடக் கூடாது, கையில் பிடிக்க வேண்டும். பிள்ளைகளின் தலையைத் தடவக் கூடாது. பாயில் இருக்கும்போது காலை மற்றவர் பக்கம் நீட்டக் கூடாது. இருப்பவர்களைக் கடந்து போவதென்றால் குனிந்து, மன்னியுங்கள் என்ற பொருளில் ‘துலோ’ என்று மெல்லச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். நீல நிற விமானக் கடிதத்தின் ஓரங்களிலும் மடிப்புகளிலும்கூட இடம் விடாமல் எழுதியிருப்பார். மகள் எப்படி இருக்கிறாள் என்ற விசாரிப்பு முத்திரைக்குப் பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் கிடக்கும். அதைக் கண்டுபிடிக்க நான் கடிதத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் கனகராயன்குளத்தில் இருந்தோம். அவர் நீர்ப்பாசன ஓவசியர். முதலில் இரணைமடுவில் வேலை, பிறகு இங்கே மாற்றம். பிஜியில் ஆற்றோரச் சதுப்பு நிலங்களில் நெல் விதைக்கப் போகிறார்கள், வாய்க்கால் வேலை தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டார். கிடைத்துவிட்டது. இரண்டு வருட ஒப்பந்தம். ஆனால் முதல் ஆறு மாதமும் பரீட்சைக் காலம். ஆறு மாதம் முடிய மேலதிகாரி நல்ல அறிக்கை கொடுத்தால் மனைவிக்கும் பிள்ளைக்கும் அரசாங்கச் செலவில் கப்பல் சீட்டு. கொடுக்காவிட்டால் அவரையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே இருந்த வேலையை விட்டுவிட்டுத்தான் அவர் போயிருந்தார். எனக்கு இருபத்தாறு வயது, மகளுக்கு நாலு. மேலதிகாரியான அந்த வெள்ளைக்காரர் அறிக்கை எழுதப் பேனாவைத் திறக்கும் நாளை நான் கலண்டரில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் புதிய இடமென்றால் பயம். அதற்குக் காரணம் இருக்கிறது. கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்த முதல் நாள், காட்டுப் பாதையில் வண்டில் போய்க்கொண்டிருந்தபோது, வண்டில்காரர் இறங்கி ஒரு குழையை முறித்து மரத்தடியில் போட்டுக் கும்பிட்டார். அதற்கு முன் போனவர்கள் போட்ட குழையும் அங்கே குவிந்து கிடந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். “இதென்ன, ஆனை தின்னவோ போடுறியள்?” என்று கேட்டேன். காட்டுக்குள் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாதாம், பெரியவர் என்றுதான் சொல்ல வேண்டுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? வண்டில்காரர் இன்னொரு குழையை முறித்துப் போட்டு மறுபடி கும்பிட்டார். என் கணவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஓர் ஊரில் எதைச் செய்யக் கூடாது என்பதை அந்த ஊர் முன்கூட்டிச் சொல்லாது. செய்த பிறகு மற்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் அறிந்துகொள்ள வேண்டும். அதனால் அவர் பிஜியிலிருந்து எழுதி அனுப்பிய ஒவ்வொரு வரியையும் நான் பாடமாக்கினேன்.

பாடமாக்க எனக்குத் துணை இருந்தவள் பக்கத்து வளவுக்காரி. என்னைவிட இரண்டு வயது இளையவள். அவளுடைய புருசனை அரிவு வெட்டுக் காலத்தில் வயலில் பாம்பு கடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. தம்பியோடு இருந்தாள். தம்பி விடியவே வயலுக்குப் போய்விடுவான். இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி, அதில் நாங்கள் போய்வர ஆள் நுழையுமளவு ஒரு பொட்டு. ஊரில் யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை வராதபடி அவளே நடந்துகொள்வாள். யாராவது நல்ல காரியத்துக்கோ தூரப் பயணத்துக்கோ வெளிக்கிடுகிறார்கள் என்று காதில் விழுந்தால் அவர்கள் போய் மறையும்வரை வீட்டுக்குள் இருந்துவிடுவாள். கலியாண வீடுகளுக்குப் போக மாட்டாள். மற்றச் சனம் அதை அவளுடைய நல்ல குணம் என்று மெச்சுவார்கள். நானும் மெச்சியிருக்கிறேன்.

கடிதம் வந்தால் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். அவளுக்கு என்னைவிட நினைவு அதிகம். “போன கடிதத்திலை தொப்பியைப் பற்றித்தானே எழுதினவர், இப்ப குடையைப் பற்றி ஒண்டும் இல்லையோ?” என்று கேட்பாள். குடையைப் பற்றி அவர் எழுதவே இல்லை. அந்தக் கவலையில் எனக்கு இரண்டு நாள் நித்திரை போனது.

ஓர் ஊருக்குள் முதன்முதல் போகிறவர்கள் யங்கோனா என்ற செடியின் வேர்க்கட்டு ஒன்று கொண்டுபோக வேண்டும் என்று ஒருதரம் எழுதியிருந்தார். ஊர்த் தலைவருக்கு முன்னால் அதை வைத்து, நான் இன்னார், இந்த நோக்கத்துக்காக வந்திருக்கிறேன், இருக்க அனுமதி தாருங்கள் என்று கேட்க வேண்டும். அவர் கைதட்டி ஏற்றுக்கொண்டால்தான் நீங்கள் அந்த ஊர் ஆள். பிறகு அந்த வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துச் சிரட்டையில் தருவார்கள். கையைக் குவித்து ஒருதரம் தட்டி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சிரட்டையைக் கொடுத்து மூன்றுதரம் தட்ட வேண்டும். சேற்றுத் தண்ணீர் போல இருக்குமாம், நாக்கு மரத்துப்போகுமாம். முகம் சுளிக்கக் கூடாது என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

“இதைச் செய்து பாக்காமல் போகேலாது அக்கா,” என்றாள் அவள்.

பின்னேரங்களில் சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, வேப்பமரத்தின் கீழ் பாயை விரித்தோம். தலைவராக யாராவது இருக்க வேண்டும். மகள் நான் நான் என்று குதித்தாள். “நீ சின்னன், நான் இருக்கிறன்,” என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வளவுக்காரி பாயின் நடுவில் போய்ச் சம்மணமிட்டு இருந்தாள். முதுகை நிமிர்த்தி, முகத்தை இறுக்கிக்கொண்டு, எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. “சிரிக்கக் கூடாது. தலைவர் எண்டால் சும்மாவே?” என்றாள். நான் குனிந்து போய் நன்னாரி வேர்க்கட்டை அவளுக்கு முன்னால் வைத்து, நான் கனகராயன்குளத்து ஓவசியரின் மனிசி, என் புருசனோடு இருக்க வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். தலைவர்கள் உடனே சம்மதிக்க மாட்டார்களாம், அது அவளே சேர்த்துக்கொண்டது. பிறகு கைதட்டி ஏற்றுக்கொண்டாள்.

குடிக்கிற தண்ணீருக்கு நான் மல்லித் தண்ணி போதுமென்றேன். அவள் விடவில்லை. வேப்பம்பட்டையை அவித்துச் சிரட்டையில் ஊற்றி நீட்டினாள். முதல் நாள் வாயிலிருந்ததை அப்படியே பாயில் துப்பிவிட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூன்றாவது கிழமை ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகம் மாறாமல் மூன்றுதரம் தட்டினேன். ஒரு சபையின் நடுவில் இருந்து, மற்றவர்கள் கொண்டுவந்து வைப்பதைக் கைதட்டி வாங்குகிற இடம் அவளுக்கு அந்தப் பாயில் மட்டும்தான் கிடைத்தது. அன்று எனக்கு அது உறைக்கவில்லை. என் கைதட்டல் சரியாக வருகிறதா என்பதுதான் என் கவலையாக இருந்தது.

இன்னொரு சட்டம், ஒருவர் வீட்டில் உள்ள பொருளை மிகவும் புகழக் கூடாது என்பது. புகழ்ந்தால் அதை எடுத்து உங்களிடம் தந்துவிடுவார்கள். வேண்டாமென்றால் அவர்களுக்கு அவமானம். என் கணவர் ஒரு வீட்டில் விரித்திருந்த பாயை நல்ல பின்னல் என்று இரண்டுதரம் சொல்லிவிட்டு, அறையளவு பாய் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வீடு வந்திருக்கிறார். எங்கள் மகள் எதைக் கண்டாலும் “ஐயோ, நல்ல வடிவு” என்கிற பிள்ளை. அவளைத் திருத்த வேண்டியிருந்தது. அவள் எதையாவது வடிவு என்றால் பக்கத்து வீட்டுக்காரி அதை உடனே எடுத்து அவள் கையில் கொடுத்துவிடுவாள். முதல் கிழமையிலேயே அவளுடைய அகப்பை, சுளகு, மண்சட்டி, ஒரு கோழிக்குஞ்சு எல்லாம் எங்கள் குசினிக்கு வந்துவிட்டன. பொழுதுபட நான் எல்லாவற்றையும் வேலிப் பொட்டால் திருப்பிக் கொடுப்பேன். மகள் திருந்தவில்லை. வடிவு என்று சொன்னால் பொருள் கிடைக்கும் என்பதைத்தான் அவள் படித்தாள்.

ஐந்தாம் மாதம் வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. ஓரங்களில் எழுத்தில்லை. மூன்றில் ஒரு பங்கு வெறுமையாகக் கிடந்தது. நின்றபடியே வாசித்தேன்.

இந்த ஊரில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் ‘எங்கே போகிறாய்’ என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அது இவர்களுடைய வணக்கமாம். நல்லாய் இருக்கிறாயா என்று கேட்பது போல. பதிலைக்கூடச் சரியாகக் கேட்க மாட்டார்களாம். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ச் சனமும் அப்படித்தான் கேட்கிறார்களாம்.

எங்கள் பக்கத்தில் வெளிக்கிட்டுப் போகிற மனிதரை எங்கே என்று கேட்டால் போன காரியம் உருப்படாது. கேட்டுவிட்டால் திரும்பி வீட்டுக்குள் வந்து, கொஞ்ச நேரம் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி போவோம். என் கணவர் இதில் மகா கண்டிப்பு. குளக்கட்டுக்குப் போகும்போது மகள் கேட்டுவிட்டால்கூடத் திரும்பி வந்து கதிரையில் இருந்து செம்பைக் கேட்பார். இந்த மனிதர் பிஜியில் என்ன செய்திருக்கிறார்? வீட்டிலிருந்து கந்தோருக்குப் போகிற வழியில் நாலு வீடு, ஒரு பாலம். முதல் வீட்டில் கேட்டார்கள், திரும்பினார். தண்ணீர் குடித்து மறுபடி வெளிக்கிட்டார். இரண்டாம் வீட்டில் கேட்டார்கள், திரும்பினார். பாலத்தில் மீன்பிடிக்கிறவர்கள் கேட்டார்கள், திரும்பினார். எட்டு மணி வேலைக்குப் பத்து மணிக்குப் போயிருக்கிறார். இதுவே வழக்கமாகிவிட்டது. காரணத்தை மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வது? ஆள் நேரம் தவறுகிறவர் என்று அவர் புத்தகத்தில் குறித்துவிட்டாராம். அறிக்கைக்கு இன்னும் ஐந்து கிழமைதான் இருக்கிறது என்று எழுதி, அன்புடன் என்று முடித்திருந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “ஒரு கேள்விக்குப் பயந்து மனிசன் வேலையைத் துலைக்கப் பாக்குது,” என்று குசினிக்குள் நின்று கத்தினேன். உடனே கடிதம் எழுதினேன். கேட்டால் பதில் சொல்லிவிட்டு நடவுங்கோ, ஒருக்காலும் திரும்பாதையுங்கோ, பிள்ளையை நினையுங்கோ என்று எழுதினேன். அந்தக் கடிதம் போய்ச்சேரப் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் விடிந்தால் அவர் எத்தனையாவது தரம் திரும்பியிருப்பார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே விடிகிற நேரத்தில் இங்கே இன்னும் இருட்டு என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.

“அக்கா, அவரைப் பேசுறியள். நீங்கள் அங்கை போனால் என்ன செய்வியள்? நீங்களும் திரும்பித் திரும்பித்தானே வருவியள்?” என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

உண்மைதான். எனக்குச் சகுனத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொள்வேனே தவிர, யாராவது கேட்டுவிட்டால் என் கால் தானாக நிற்கும்.

“அப்ப நீர் தினமும் என்னைக் கேளும்,” என்றேன் நான். அப்படித்தான் அது தொடங்கியது. நான் சொல்லி, நான் கேட்டுக்கொண்டு. இதைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும்.

அன்றிலிருந்து நான் கிணற்றடிக்கோ கடைக்கோ அடி எடுத்து வைத்தால் வேலிக்கு அப்பாலிருந்து குரல் வரும். “அக்கா, எங்கை போறியள்?” முதல் இரண்டு நாளும் கால் தானாக நின்றது. கடைக்குப் போன நான் சீனி வாங்க மறந்து வந்தேன். பிறகு பழகிவிட்டது. “கண்டிக்கு” என்பேன். “எனக்கும் ஒரு சீலை வாங்கி வாங்கோ” என்பாள். மகளும் அவளோடு சேர்ந்துகொண்டு கேட்பாள். ஊரில் யாரையும் வாய் திறந்து கேட்க முடியாத கேள்வியை அவள் என்னிடம் ஒரு நாளைக்குப் பத்துத்தரம் கேட்டாள்.

என் கடிதம் கிடைத்ததோ, தானாகப் புத்தி வந்ததோ, அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சனம் எழும்ப முதலே, வீடுகள் இருக்கும் பாதையை விட்டு வயல் வரம்பால் சுற்றிக் கந்தோருக்குப் போய்விடுவாராம். மேலதிகாரி வரும்போது இவர் அங்கே இருப்பாராம். அறிக்கை மோசமில்லாமல் வந்தது. எங்கள் கப்பல் சீட்டுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் குறித்த கப்பலில் ஏறியே ஆக வேண்டும், அதைத் தவறவிட்டால் அனுமதி காலாவதியாகிவிடும், மறுபடி கேட்கிற நிலையில் நான் இல்லை என்று எழுதியிருந்தார்.

கப்பலேற அம்மைப்பால் கட்டிய, அதாவது அம்மைத் தடுப்பூசி போட்ட, சான்றிதழ் வேண்டும். அதற்கு வவுனியாவுக்குப் போக வேண்டும். அங்கே டொக்டர் புதன்கிழமை காலையில் மட்டும்தான் அந்தப் பத்திரங்களில் கையெழுத்து வைப்பார். ஒரு புதன் ஊசி குத்தி, அடுத்த புதன் அந்த இடம் பழுத்திருக்கிறதா என்று காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். எங்களுக்கு மிச்சமிருந்தது மூன்று புதன். என் கணவரின் தமையன், நாங்கள் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர், அக்கராயனில் கமம் செய்கிறவர், எங்களைக் கூட்டிப்போக முதல்நாளே வந்துவிட்டார். கொழும்புவரை கூட்டிப்போய்க் கப்பலேற்றுவதும் அவர்தான். தம்பியாரின் சகுனப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று அறிய வேண்டுமானால் இவரைப் பார்த்தால் போதும்.

முதல் புதன் காலை ஆறரை மணிக்குப் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டோம். பெரியத்தான் குடையை எடுக்கப் பின்னால் நின்றார். நான் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் படலையைத் திறந்தேன். வேலிக்கு அப்பால் அவள் அடுப்புச் சாம்பலைக் கொட்டிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக, “அக்கா, எங்கை போறியள்?” என்றாள்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பின்னால் வந்த பெரியத்தானை அவள் கண்டாள். சாம்பல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியத்தான் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். திரும்பி உள்ளே போய்க் கதிரையில் இருந்தார். “தண்ணி கொண்டு வாரும்,” என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மெதுவாகக் குடித்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பெருந்தெருவில் பஸ் வந்து நின்ற சத்தமும் அது போகிற சத்தமும் எனக்குக் கேட்டன. அடுத்த பஸ் ஒன்பது மணிக்குப் பிறகுதான். நாங்கள் வவுனியா போய்ச்சேர்ந்தபோது டொக்டர் மற்ற ஊர்களைப் பார்க்க வெளிக்கிட்டுப் போய்விட்டார். அடுத்த புதன் வாருங்கள் என்றார்கள். எங்கள் கையில் மேலதிகமாக இருந்த ஒரு புதன் போய்விட்டது. இனி மகளுக்கு ஒரு காய்ச்சல், ஒரு பஸ் பழுது, எது வந்தாலும் கப்பல் இல்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் பெரியத்தான் வேலியடிக்குப் போனார். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லதாக இருந்திருக்கும்.

“பிள்ளை, பயணம் வெளிக்கிடேக்கை நீர் எதிரிலை வரலாமோ? வந்ததுமில்லாமல் எங்கை எண்டு வேறை கேக்கலாமோ? உமக்குத் தெரியாத விசயமோ?”

“தெரியாமல் வந்திட்டுது அண்ணை,” என்றாள் அவள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் ஒரு வசனம் சொல்ல வேண்டியிருந்தது. நான்தான் கேட்கச் சொன்னனான் என்று. அவ்வளவுதான். அந்த வசனம் என் வாய்க்குள் இருந்தது. ஆனால் பெரியத்தானுடைய மனம் கோணினால் யார் எங்களைக் கொழும்புக்குக் கூட்டிப்போவது என்று நினைத்தேன். அதைவிடக் கேவலமான உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் நான் அவர் பக்கம்தான். காலை முழுக்க வெயிலில் பஸ்ஸுக்கு நின்ற கோபமும் கப்பல் போய்விடுமோ என்ற பயமும் சேர்ந்து, அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

“உமக்கு வேறை நேரம் கிடைக்கேல்லையோ?” என்றேன்.

அவள் குனிந்தாள். காலையில் போட்டபடி கிடந்த சாம்பல் கடகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பஸ்ஸைத் தவறவைத்தது அவளுடைய கேள்வியா, பெரியத்தான் குடித்த தண்ணீரா என்று நான் எனக்குள்ளே கேட்டுப்பார்ப்பதற்குப் பல வருடம் பிடித்தது. அன்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு வேலிப் பொட்டில் இரண்டு கிடுகு வைத்துக் கட்டியிருந்தது. கட்டியது அவள்தான். வேப்பமரத்தடிக்கு அவள் வரவில்லை. மகள் பாயை இழுத்துக்கொண்டு போய் விரித்துவிட்டுக் காத்திருப்பாள். “தலைவருக்குக் காய்ச்சலோ?” என்று கேட்பாள். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அடுத்த புதன் நாங்கள் போகும்போது அவளுடைய வளவில் ஆள் நடமாட்டமே இல்லை. ஊசி குத்தினார்கள். நாலாம் நாள் மகளின் கை வீங்கிக் காய்ச்சல் கொதித்தது. கொப்புளம் சரியாக எழும்புமா, எழும்பாவிட்டால் இன்னொரு ஊசிக்கு எங்கே நாள் என்று நான் அவளுடைய கையைப் பார்த்தபடியே இருந்தேன். ஒருநாள் விடியப் பார்த்தால் வேலியின் மேல் ஒரு கட்டு வேப்பிலை வைத்திருந்தது. அதன் கொழுந்துகளை மட்டும் ஆய்ந்து கட்டியிருந்தது. எடுத்துக்கொண்டுபோய்ப் பிள்ளையின் பாயில் போட்டேன். அவளைக் கூப்பிட்டு நன்றி சொல்லவில்லை. கூப்பிட்டால் அவள் வெளியே வருவாள், பெரியத்தான் வீட்டின் முன்பக்கத்தில் இருக்கிறார் என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் புதன் டொக்டர் கையெழுத்து வைத்தார்.

பயணத்துக்கு முதல்நாள் முழுக்க வீட்டில் சனம். பலகாரம் கட்டுகிறவர்களும் பெட்டிக்குக் கயிறு கட்டுகிறவர்களும் நிறைந்திருந்தார்கள். அந்த நெருக்கடியில் மூன்றுதரம் வேலிவரை போனேன். மூன்றுதரமும் யாரோ கூப்பிட்டார்கள், நான் சந்தோசமாகத் திரும்பி வந்தேன். ஆம், சந்தோசமாகத்தான். அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நாளைக்கு விடியச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பயணம் போகிற விடியலில் அவள் முன்னுக்கு வர மாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

காலையில் பெரியத்தான் எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். ஒழுங்கை முகப்பில் ஒரு சுமங்கலி நிறைகுடத்தோடு நின்றார். நாங்கள் படலையைத் திறந்துகொண்டு இறங்கினோம். பெட்டி சைக்கிளில் முன்னால் போனது. அவளுடைய படலை சாத்தியிருந்தது. விடிய ஐந்து மணிக்கே திறக்கிற படலை. குசினியில் புகை இல்லை. எட்டு மணியாகியும் கோழிகளைத் திறந்துவிடவில்லை. அவை கூட்டுக்குள் இருந்து கத்திக்கொண்டிருந்தன. திறக்க வேண்டுமானால் அவள் முற்றத்துக்கு வர வேண்டும், முற்றத்துக்கு வந்தால் என் கண்ணில் படுவாள். எனக்காகத்தான் அந்தக் கோழிகள் பட்டினி கிடந்தன. ஒழுங்கையிலிருந்து அந்தப் படலைக்கு எட்டு அடி இருக்காது.

“பக்கத்து வீட்டு மாமிக்குப் போட்டு வாறம் எண்டு சொல்லேல்லையே?” என்று மகள் கேட்டாள்.

“சொல்லிப்போட்டன். பேசாமல் வா,” என்றேன். அவளுடைய கையை இழுத்துக்கொண்டு நடந்தேன்.

பிஜியில் இருந்த காலம் முழுக்க நான் ஒருவர் மனமும் நோக நடந்ததில்லை. தலைவர்களுக்கு முன்னால் குனிந்து போனேன், சிரட்டையை ஒரே மூச்சில் குடித்தேன், வழியில் கேட்ட அத்தனை பேருக்கும் சிரித்துப் பதில் சொன்னேன். எவ்வளவு நன்றாகப் பழகியிருக்கிறாய் என்று என் கணவரின் மேலதிகாரியே சொன்னார். யார் பழக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டுதரம் அவளுக்குக் கடிதம் எழுதத் தொடங்கி, சுகமாக வந்து சேர்ந்தோம் என்ற வரிக்கு மேல் போக முடியாமல் கிழித்துப்போட்டேன். நாங்கள் திரும்பி வந்தபோது அந்த வளவில் வேறு ஆட்கள் இருந்தார்கள். தம்பிக்கு முல்லைத்தீவுப் பக்கம் காணி கிடைத்து அவளும் கூடப் போய்விட்டாள் என்றார்கள். தேடிப் போயிருக்கலாம். போகவில்லை.

அன்றைக்கு மாங்குளம் ஸ்டேசனுக்குப் பஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ரயிலும் நேரத்துக்கு வந்தது. யன்னல் பக்கத்தில் இடம் கிடைத்தது. பெட்டிகள் எல்லாம் ஏறின. பெரியத்தான் எங்களுக்கு எதிரில் வந்து இருந்து, சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பாத்தீரே, இண்டைக்கு ஒருத்தரும் குறுக்கை வரேல்லை. எல்லாம் நேரத்துக்கு நடந்திட்டுது,” என்றார்.

“ஓம்,” என்றேன். சொல்லும்போது நான் அதை நம்பினேன்.